டிரைவர் கமெண்ட்டுகளைச் சீர்செய்ய செக்பேட்ச் போதுமா?

வன்பொருள் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒன்றின் கமெண்ட்டுகளை, அதாவது நிரலுக்கிடையே படிப்பவருக்காக எழுதப்படும் குறிப்புகளை, சீர்செய்ய முனைபவர் முதலில் கையிலெடுப்பது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் மூல நிரலோடு சேர்ந்தே வரும் செக்பேட்ச் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட்டைத்தான். 2007 முதல் புழக்கத்தில் உள்ள இதற்கென்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பேட்ச்சையோ (நிரலில் செய்யும் மாற்றத்தை மட்டும் கொண்ட கோப்பு) முழுக் கோப்பையோ கொடுத்தால், குறைகளைத் தரம் பிரித்து, வரி எண்ணோடு காட்டிவிடும். கமெண்ட்டின் தோற்றத்தைப் பார்ப்பதில் இது மிகக் கறாரானது. அந்தக் கமெண்ட் சொல்வது உண்மையா என்பதைப் பார்க்க இதற்குக் கண் கிடையாது.

இதன் பலன் நன்றாகத் தெரியும் இடம் ஸ்டேஜிங் அடைவு. தரம் போதாத டிரைவர்களைச் சேர்த்துவைத்துத் திருத்துவதற்காக 2008-இல் கெர்னலில் உருவாக்கப்பட்ட பகுதி அது. காமெடி (பெயர்தான் அப்படி, ஆய்வகங்களில் தரவு சேகரிக்கும் கார்டுகளுக்கான டிரைவர் தொகுப்பு) அங்கே பல ஆண்டுகள் இருந்து, 2021-இல்தான் வெளியே வந்தது. இத்தகைய பழைய நிரலில் செக்பேட்ச்சை ஓட்டினால், பல வரிக் கமெண்ட்டின் முடிவுக்குறி தனி வரியில் இல்லாமை, இடைவரிகளில் நட்சத்திரக்குறி விடுபட்டமை, அடுத்தடுத்து இருமுறை வந்த ஒரே சொல், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பழைய அஞ்சல் முகவரியைச் சுமந்து நிற்கும் உரிமப் பத்தி என்று வரிசையாக வந்து விழும். வரி நீளத்துக்கான எல்லை 2020-இல் 80 எழுத்திலிருந்து 100-ஆகத் தளர்த்தப்பட்ட பிறகு வீண் எச்சரிக்கைகள் கணிசமாகக் குறைந்தன.

என் மதிப்பில் இக்கருவியின் சிறந்த பகுதி, ஸ்ட்ரிக்ட் என்ற தெரிவைச் சேர்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளான ஸ்பின்லாக்கோ மியூட்டெக்ஸோ கமெண்ட் இல்லாமல் அறிவிக்கப்பட்டிருந்தால், அது எதைக் காக்கிறது என்று எழுதும்படி அப்போது செக்பேட்ச் கேட்கும். மெமரி பேரியருக்கு (நினைவக அணுகல்களின் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) இந்தத் தெரிவு இல்லாமலே கேட்கும். டிரைவரில் மிகவும் தேவையானது பூட்டு எதைக் காக்கிறது என்று சொல்லும் கமெண்ட்டே. ஏனெனில் இன்டரப்ட் ஹேண்ட்லரும் (வன்பொருள் அழைக்கும்போது இடைமறித்து ஓடும் நிரல்) சாதாரண நிரலும் ஒரே வரிசையைத் தொடும் இடத்தில், எந்தப் பூட்டு எந்தப் புலத்துக்கு உரியது என்பதை நிரலை மட்டும் படித்து அறிவது கடினம். “அனுப்பும் வரிசையையும் அதன் தலைச்சுட்டியையும் காப்பது, இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் எடுக்கப்படுகிறது” என்று ஒருவர் எழுதினால் அடுத்து வருபவருக்கு அது பேருதவி. ஆனால் “இது பூட்டு” என்று எழுதினாலும் செக்பேட்ச் வாயை மூடிக்கொள்ளும். எச்சரிக்கையைத் தீர்ப்பதற்காக மட்டும் எழுதப்படும் இத்தகைய வெற்றுக் கமெண்ட், இல்லாத கமெண்ட்டைவிட மோசமானது. யாரோ யோசித்து எழுதியிருக்கிறார் என்ற பொய்யான நம்பிக்கையை அது தந்துவிடுகிறது.

பொய் சொல்லும் கமெண்ட்டின் கதை இன்னும் மோசம். சிப்பை ரீசெட் செய்தபின் 10 மில்லி நொடி காத்திருக்க வேண்டும் என்று கமெண்ட் கூறும்; அடுத்த வரியிலோ யூடிலே 10 என்று, அதாவது 10 மைக்ரோ நொடி மட்டும், எழுதியிருக்கும். இரண்டில் எது சரி என்பதற்கு அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டைத்தான் (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) திறக்க வேண்டும். செக்பேட்ச் இவ்விரு வரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. ஸ்ட்ரிக்ட் இல்லாமல் ஓட்டினால், இப்படிப்பட்ட கோப்புக்கும் வெளிப்படையான நடைக் குறை எதுவும் இல்லை, அனுப்பத் தயார் என்று சான்று கொடுத்துவிடும்.

தானே திருத்தும் வசதியும் உண்டு. அதை மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துப்பிழைப் பட்டியலில் உள்ள சொற்களை அது கமெண்ட்டில் மட்டுமல்லாமல் நிரல் வரிகளிலும் தேடுவதால், தவறான எழுத்துக்கூட்டலிலேயே நிலைத்துவிட்ட ஒரு மாறியின் பெயரை இந்தக் கோப்பில் மட்டும் மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது. கமெண்ட்டை மட்டுமே தொட்டதாகச் சொல்பவர், டீபக் தகவல் (பிழை தேட உதவும் கூடுதல் விவரம்) இல்லாமல் கம்பைலர் தொகுத்துத் தந்த ஆப்ஜெக்ட் கோப்பைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எல்லாக் கமெண்ட்டும் கம்பைலருக்குப் பொருட்டில்லாதவை அல்ல: ஸ்விட்ச்சில் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு வேண்டுமென்றே இறங்குவதைச் சொல்லும் கமெண்ட்டை, கெர்னலைத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலரே அதன் 7-ஆம் பதிப்பு முதல் படித்தது. 2019-இல் கெர்னல் அதற்கெனத் தனிச்சொல்லை ஏற்படுத்திய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. செக்பேட்ச்சும் இப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்படியே அறிவுறுத்துகிறது.

ஃபங்ஷனின் பராமீட்டர்களை விளக்கும் கமெண்ட்டுகளுக்குக் கெர்னல்டாக் என்ற தனிக் கருவியைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஃபங்ஷனில் ஒரு பராமீட்டரைக் கூட்டிவிட்டு விளக்கத்தில் சேர்க்க மறந்தால் அது உடனே சுட்டிக்காட்டும். பெயரளவிலாவது கமெண்ட்டையும் நிரலையும் ஒப்பிடுகிறது என்பதால், இந்த ஒரு வேலையில் செக்பேட்ச்சைவிட அதற்கே என் வாக்கு.

ஸ்டேஜிங் டிரைவரில் பழக விரும்பும் புதியவருக்கு செக்பேட்ச்சைத் தயங்காமல் சொல்வேன். ஒரு பேட்ச்சில் ஒருவகைத் திருத்தம் மட்டும் இருந்தால் போதும். ஸ்டேஜிங்குக்கு வெளியே, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் கமெண்ட் நடையை மட்டும் மாற்றும் பேட்ச்களைப் பராமரிப்பாளர்கள் பலர் விரும்புவதில்லை. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேமில் உண்மையான மாற்றம் ஒரு படி பின்னுக்குத் தள்ளப்படும். பழைய நிலையான (ஸ்டேபிள்) பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுசெல்லும்போது தேவையற்ற மோதல்களும் எழும். அங்கே வேறொரு பிழையைத் திருத்தப் போகும்போது, தொடும் வரிகளின் கமெண்ட்டை மட்டும் சரிசெய்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.