காரைக்குடியில் கணினிக் கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு சேவை: இரண்டு நாள் வேலையும் இரண்டு குறைகளும்

காரைக்குடி செக்காலை சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை இருக்கிறது. பழுது பார்ப்பதோடு, வீட்டுக்கோ பட்டறைக்கோ ஆளை அனுப்பி, கணினியில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தி, காப்பு நகல் எடுத்துக் கொடுக்கும் வேலையையும் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கடந்த தை மாதத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தது. கூலி 3,800 ரூபாய். இரண்டு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டை நாங்கள் தனியாக வாங்கிக் கொடுத்தோம். குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் வீட்டார், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறை நடத்துகிறார்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற வேலை அது. பட்டறையில் கணினிக்கு இடமில்லை என்றாலும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட வடிவப் படம், விலைக் குறிப்பு, ஜிஎஸ்டி ரசீது, அனுப்பிய கல்லின் புகைப்படம் ஆகிய எல்லாமே வீட்டுக் கணினியில்தான் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளாக அதை நான் ஒருத்தியே பார்த்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு வீட்டின் முகப்புக்குக் கரைக்கல் வார்த்தபோது, ஒரே வடிவத்துக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’ என்று மூன்று கோப்புகள் இருந்தன. வாடிக்கையாளர் பச்சைக் கரைக்கு ஒப்புதல் கொடுத்திருக்க, நான் அவசரத்தில் பட்டறைக்கு அனுப்பியது சிவப்புக் கரை. கண்ணாடியிலிருந்து கழற்றிய பிறகு வண்ணத்தை மாற்ற முடியாது. 340 கற்கள் இன்றும் பின்கட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. அந்த அடுக்கைத் தினமும் கடந்து போவதைவிட ஆளைக் கூப்பிடுவது நல்லது என்று தோன்றியது.

வந்தவர் இருபத்தைந்து வயதுத் தம்பி. வந்ததும் கணினியில் இருந்த அத்தனையையும், குப்பையோடு சேர்த்து, இருந்தபடியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, அதன்மேல் தேதியை எழுதி ஒட்டி எடுத்துவைத்தார். பிறகு அவர் செய்தது எனக்கு வியப்பாக இருந்தது. “ஆச்சி, இப்ப நான் எதையும் தொட மாட்டேன். நீங்க மூணு சாமானைத் தேடி எடுங்க, நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்” என்றார். தேடியவை மூன்று: 2018-இல் வாங்கிய மோட்டாரின் ரசீது, வீட்டுப் பட்டாவின் நகல், பேத்தியின் காதுகுத்துப் படம். கடைசியதற்கு இருபது நிமிடம் ஆனது. நான் எதையும் ‘படம்’, ‘ஆவணம்’ என்று வகை பார்த்துத் தேடுவதில்லை, எந்த ஊர், யாருடைய வேலை, எந்த வருடம் என்றுதான் தேடுகிறேன் என்பதை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்தத் தாளுக்கே உரியது. சந்தையில் விற்கும் எந்த மென்பொருளும் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கவனித்திருக்காது.

அதன் பிறகு மேல்மட்டத்தில் ஐந்தே கோப்புறைகள் வந்தன: வீடு, பட்டறை, கோயில், படங்கள், வந்தவை. பட்டறைக்குள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு, அதற்குள் ஊரும் வாடிக்கையாளர் பெயரும்; அதற்குமேல் ஆழம் கிடையாது. நிதியாண்டு வாரியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக் கணக்கறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். எந்த வருடத்தை இனி எடுத்து ஒதுக்கலாம் என்பது இப்போது பார்த்தவுடன் தெரிகிறது. ‘வந்தவை’ என்பது மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வருவதைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் இடம். சனிக்கிழமைதோறும் அதைக் காலி செய்து, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் அப்பச்சி, கணக்கு எழுதும் இடமான பெட்டியடியில் உட்கார்ந்து அன்றாட வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஆள் பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றியதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், இந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயர் வைப்பதில் தேதி முதலில் வருகிறது, அதுவும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்: ‘2024-07-19 கோட்டையூர் முகப்பு கரைக்கல் ப03’. நாளை முதலில் எழுதும் நம் வழக்கப்படி வைத்தால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும். நடுவில் சாய்கோடு போட விண்டோஸ் விடுவதும் இல்லை. ‘ப’ என்பது பதிப்பு. ‘ஃபைனல்’ என்ற சொல் எங்கள் வீட்டில் ஒழிக்கப்பட்டது. வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதம் சொன்ன பிறகு மட்டும் அந்தப் பதிப்பின் பெயரோடு ‘ஒப்புதல்’ என்று சேர்த்து, தவறியும் மேலெழுதிவிடாதபடி அதைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுகிறோம். பட்டறைக்குப் போவது அந்தச் சொல் உள்ள கோப்பு மட்டுமே.

தமிழில் பெயர் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இந்த வேலையின் நடுவில் அகப்பட்டது. ஒரே இடத்தில் ‘கோட்டையூர்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒரே பெயரில் இரண்டை ஓரிடத்தில் வைக்கக் கணினி அனுமதிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எழுத்துப் பிழையோ கூடுதல் இடைவெளியோ இல்லை. தம்பி இரண்டு பெயர்களையும் நோட்பேடில் ஒட்டி, முதல் எழுத்தான ‘கோ’ மட்டும் மிஞ்சும்வரை அழித்தார். அடுத்த முறை பின்னழிப்பு (பேக்ஸ்பேஸ்) விசையைத் தட்டியபோது ஒன்றில் ‘க’ மிஞ்சியது; மற்றதில் ‘கே’ மிஞ்சியது. கணினிகள் எழுத்துகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) ‘ோ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ே’, ‘ா’ என்று இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயரை எழுத்துருவை மாற்றித் தரும் நிரல் ஒன்றின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்தபோது அந்த இரண்டாவது கோட்டையூர் பிறந்திருக்கிறது. பெயரை மட்டும் தேடித் தரும் சிறிய நிரலில் ‘கோட்டையூர்’ என்று தட்டினால் பாதி வேலைகள் வராததன் காரணம் அன்றுதான் விளங்கியது. கொப்பனாபட்டி, கோவிலூர் ஆகியவற்றிலும் இதே சிக்கல் இருந்தது. கொ, கோ, கௌ வரிசையில் தொடங்கும் பெயர் உள்ளவர்கள் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு சிறு நிரலை ஓட்டி எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்று பெயரின் நீளம். விண்டோஸில் பல நிரல்கள், கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்த முழுப் பாதையை 260 எழுத்துக்குள் எதிர்பார்க்கின்றன. நாம் ‘காரைக்குடி’ என்பதை ஐந்து எழுத்தாக எண்ணுகிறோம். கணினி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, பத்து என்கிறது. டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் பிடிவாதமாகப் போக மறுத்ததற்கு, நான் ஆசையாக வைத்திருந்த நீண்ட பெயர்களே காரணம்.

புகைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினி காட்டும் ‘உருவாக்கிய தேதி’ நகலெடுத்த நாளாக மாறிவிடுவதால், கேமரா படத்துக்குள்ளேயே பதிந்துவைத்த தேதியைக் கொண்டு அவர் மாதவாரியாகப் பிரித்தார். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்த உள்தேதி நீங்கியிருக்கும். பெயரில் இருப்பது வந்து சேர்ந்த தேதி. ஆகவே அவற்றைத் தனியே ஒதுக்கினார். எண்பது விழுக்காடு காலை வணக்கப் படங்கள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

காப்பு நகலுக்கு, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய மூன்று-இரண்டு-ஒன்று என்ற முறையைப் பின்பற்றினார்: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். ஒரு டிஸ்க் எங்கள் இரட்டை அறையில் பூட்டியிருக்கிறது. நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் அதைக் கணினியில் செருகக் கூடாது என்றார், ஏனெனில் இடி மின்னலும் கோப்புகளை முடக்கிப் பணம் பறிக்கும் வைரஸும் செருகியிருப்பதையும் சேர்த்தே கெடுக்கும். மற்றொன்று தேவகோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் ஆவணங்களும் பங்குபோட்டுக்கொள்வதால், பத்திரம், பட்டா, ரசீது ஆகியவை மட்டும் அங்கே ஏறின. அதையே காப்பு என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதையும் அவர் சொல்லிவிட்டார்: கணினியில் தவறி அழித்தால் அங்கேயும் அழியும், அங்குள்ள குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

இனிக் குறைகள். முதலாவது, ஒரே உள்ளடக்கம் கொண்ட இரட்டைக் கோப்புகளை நிரல் வைத்துக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினார். வங்கிக் கடனுக்காகப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, மூன்று ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்துத் தனிக் கோப்புறையில் வைத்திருந்தேன். அவற்றின் மூலங்கள் வேறிடத்தில் இருந்ததால், கட்டுக்குள் இருந்தவை இரட்டை என்று போய்விட்டன. இரண்டிடத்திலும் வேண்டும் என்று வைக்கப்பட்டதும் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முதல் நாளே எடுத்துவைத்த முழு நகலிலிருந்து மீட்டதால் இழப்பு ஏதுமில்லை.

இரண்டாவது இதைவிடப் பெரியது. நகல் எடுத்தார்களே தவிர, அதிலிருந்து மீட்டுப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து நானே டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகிச் சோதித்தபோது, கணக்கு மென்பொருளின் தரவு எதுவுமே அதில் இல்லை. அந்த மென்பொருள் தன் கணக்கை ஐந்து கோப்புறைகளுக்கும் வெளியே, சி டிரைவில் தனக்கென ஓரிடத்தில் வைத்துக்கொள்வது. நகலெடுக்கும் பட்டியலில் அந்த இடம் சேர்க்கப்படவே இல்லை. முதல் நாள் நகலில் இருந்தது பழைய கணக்கு மட்டும். கணினி அந்த மாதத்தில் பழுதாகியிருந்தால் ஒரு மாத ரசீதுகளைத் தாளிலிருந்து மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட சேவையை வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன், கணக்கு மென்பொருளைத் திறந்து அதன் தரவு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அந்த இடம் நகலில் இருப்பதையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நான்கைந்து ஆண்டுக்குள் வாங்கிய கணினியில் படங்களும் சில ஆவணங்களும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூலி அதிகம். ஒரு டிஸ்க்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். தொழில் கணக்கும் குடும்பப் பத்திரமும் ஒரே கணினியில் கலந்து கிடக்கும் என் போன்றவர்களுக்கு, குறைகளையும் கணக்கில் கொண்டு, ஐந்துக்கு நான்கு தருவேன்.

விடுபட்டதைச் சொன்ன மறுநாளே அந்தத் தம்பி வண்டியில் வந்து, பத்து நிமிடத்தில் அந்த இடத்தையும் நகல் பட்டியலில் சேர்த்து, என் கண் முன்னால் மீட்டுக் காட்டி, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் பணம் வாங்காமல் போனார். செய்த ஏற்பாடுகளை எழுதித் தருவதாகச் சொன்ன குறிப்புத் தாள் மட்டும் இன்னும் வரவில்லை. நானே ஒன்றை எழுதி இரட்டை அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.