நேரம் தீர்ந்தால் யாருக்கு வெற்றி? செஸ்.காமா, லிசெஸ்ஸா?

ஜூன் மழை தொடங்கிவிட்டால் எங்கள் குலசேகரத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் சதுரங்கத்தோடு உட்கார்ந்துவிடுவோம். இரண்டு ஆண்டுகள் செஸ்.காம் என்ற இணையதளத்தில் ஆடினாள். இப்போது லிசெஸ் என்ற இன்னொரு தளத்துக்கு மாறிவிட்டோம். மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு விதி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லிசெஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. செஸ்.காமில் பாடங்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். பலவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். இரண்டு ராஜாக்களும் ஒற்றைக் குதிரையும் மட்டும் மிஞ்சினால் இரண்டு தளங்களிலும் ஆட்டம் அந்த இடத்திலேயே டிரா.

நேரம் தீரும்போதுதான் வழி பிரிகிறது. ஏப்ரல் விடுமுறையில் நாகர்கோவிலில் ஒரு போட்டி. கடைசிச் சுற்றில் மகளிடம் ராஜாவும் குதிரையும், எதிரே இருந்த பையனிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அவனுடைய கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. இவள் உடனே டிரா என்று கை நீட்டினாள், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, "ஒற்றைக் குதிரையால் ஜெயிக்க முடியாதே அப்பா" என்றாள். "அது உன் வெற்றி மக்களே" என்று சொல்ல எனக்கே அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து விதியைப் படித்த பிறகுதான் தெரிந்தது. சொல்லிக்கொடுக்காத தவறு என்னுடையது.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 6.9 சொல்வது இது: நேரம் தீர்ந்தவர் தோற்றார். விதிக்கு உட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் எதிராளியால் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) செய்யவே முடியாது என்றால் மட்டும் டிரா. கறுப்பு ராஜா பலகையின் மூலைக் கட்டமான ஏ1-இல், அதன் சொந்தச் சிப்பாய் ஏ2-இல், வெள்ளை ராஜா சி1-இல் என்று வைத்துப் பாருங்கள். குதிரை பி3-க்கு வந்தால் மேட். ராஜாவின் வழியை அதன் சிப்பாயே அடைத்துவிடுகிறது. மேட் சாத்தியம் என்பதால் வெற்றி குதிரைக்காரருக்கு. லிசெஸ் இதைப் பின்பற்றுகிறது. செஸ்.காமின் விதி அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் வழியை ஒட்டியது: எதிராளியிடம் ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ மட்டும் இருந்தால், நேரம் தீர்ந்தாலும் டிரா.

செஸ்.காம் வழியிலும் நியாயம் இருக்கிறது. வலுக்கட்டாயமாக மேட் செய்ய முடியாதவருக்கு எதற்கு முழுப் புள்ளி? பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு அதுவே பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் போட்டி மேசையில் உட்காரப்போகும் பிள்ளைக்கு, வீட்டில் ஒரு விதியும் அரங்கில் வேறு விதியுமாக இருக்கக்கூடாது. லிசெஸ்ஸிலும் ஒற்றைக் குதிரை எப்போதும் வெல்லாது. நேரம் தீர்ந்தவரிடம் ராஜாவோடு ராணி மட்டும் இருந்தால் டிராதான். செக் வைக்கும் குதிரையை அந்த ராணி வெட்டிவிடும். இரட்டைக் குதிரைகள் தனி ராஜாவை எதிர்த்து நின்றால் செஸ்.காம் ஆட்டத்தை டிராவாக முடித்துவிடும். லிசெஸ்ஸில் ஆட்டம் தொடரும், ஃபிடே விதியும் அதுதான்.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் செஸ்.காம் தானாகவே டிரா அறிவிக்கும். அரங்கில் அதை நாமே கோர வேண்டும். ஐந்தாம் முறை வந்தால்தான் தானாக டிரா. லிசெஸ்ஸின் அமைப்புகளில், மூன்றாம் முறை தானாகக் கோருவதை நிறுத்திவைக்கலாம். நான் நிறுத்திவைத்திருக்கிறேன். இப்போது மகள் திரும்பத் திரும்ப வரும் நிலைகளை விரல்விட்டு எண்ணுகிறாள்.

நாங்கள் ஆடுவதெல்லாம் பத்து நிமிட ஆட்டம். ஒரு நிமிட ஆட்டத்தில் ஊறியவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். செஸ்.காம் கணக்கை இன்னும் மூடவில்லை. பாடங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறாள், ஆட்டம் மட்டும் லிசெஸ்ஸில்.