பழைய லென்ஸுக்குப் பொருந்திய கமரா: நிக்கோன் டி7200உடன் ஆறு ஆண்டுகள்

நிக்கோன் டி7200 கமராவின் லென்ஸைக் கழற்றினால், பூட்டும் வளையத்தின் வெளியோரத்தில் ஒரு குட்டி நாக்கு தெரியும். நெல்மணியை விடப் பெரிதாக இராது. பழைய லென்ஸ் ஒன்றைப் பூட்டி அதன் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தைத் திருப்பினால், இந்த நாக்கும் கூடவே நகர்ந்து, லென்ஸ் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒளிமானிக்குச் சொல்லிவிடும். 2017இல் வந்த டி7500இல் அந்த நாக்கு இல்லை. இரண்டாவது மெமரி கார்ட் போடும் இடமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் படமே எடுக்காமல் இருந்த நான், 2019 தை மாதத்தில் புதியதை விட்டுப் பழையதை வாங்கியது இந்த இரண்டுக்காகவும்தான்.

என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு லென்ஸ். 50 மி.மீ., எஃப்/1.8, கையால் ஃபோக்கஸ் செய்யும் பழைய வகை. அதற்குரிய நிக்கோன் எஃப்எம்2 பிலிம் கமராவில் ஷட்டர் முழுவதும் பொறிமுறையால் ஓடும்; இரண்டு பொத்தான் பற்றரிகளும் ஒளிமானிக்கு மட்டும். தொண்ணூறுகளில், போரின் நடுவே, இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம். என் ஒளிமானி செத்து மாதக் கணக்கானாலும் கமரா ஓடியது. ஐஎஸ்ஓ 100 வேகப் பிலிம் றோல் என்றால் நல்ல வெயிலுக்கு அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் 1/125 வினாடி, முகில் மூடினால் எஃப்/8, மரநிழலுக்கு எஃப்/4. வன்னி வெயிலில் இந்தக் கணக்குப் பொய்த்ததே இல்லை. தட்டுப்பாடு றோலுக்குத்தான். 36 படங்களை மூன்று கலியாண வீட்டுக்கும் ஒரு விளையாட்டுப் போட்டிக்கும் பங்கிட்டிருக்கிறேன்.

2006 ஆடியில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆவணியில், யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. லென்ஸ் அந்தப் பக்கம், கமரா இந்தப் பக்கம். 2008 முடிவில் போர் நெருங்கிக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, லென்ஸ் இல்லாத கமராவை யார் தூக்குவது? அலுமாரிக்குள்ளேயே விட்டேன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. 2011இல் அந்தப் பழுதுபார்ப்பவரின் மனைவி, துணியில் சுற்றி வைத்திருந்த லென்ஸை எடுத்துத் தந்தார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அது எட்டு ஆண்டுகள் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பிறகுதான் கமரா தேடத் தொடங்கினேன். கேட்ட எல்லாரும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை, என்றார்கள். வவுனியாவில் கலியாணப் படம் எடுக்கும் மருமகன், “மாமா, கண்ணாடி ஏறி இறங்குகிற கமராவுக்கு இனி எதிர்காலம் இல்லை” என்றான். அவன் சொன்னது பிழையில்லை. ஆனால் எதிர்காலம் அவனுக்கு வேண்டும்; எனக்கு வேண்டியது அந்த லென்ஸ். மிரர்லெஸ்ஸிலும் அடாப்டர் வைத்து அதைப் பூட்டலாம்தான். விலை கட்டாது. அப்போது புதிதாக வந்திருந்த நிக்கோன் இசட்6, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 310 படம் எடுக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. டி7200க்கு அந்தக் கணக்கு 1,110.

பழைய கமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வெளித்தோற்றத்தைப் பார்க்காதீர்கள், ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பாருங்கள். எடுத்த படத்தைத் திருத்தாமல் கணினியில் திறந்தால், கோப்புக்குள் அந்த எண் பதிந்திருக்கும். டி7200இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. முதலில் எனக்குக் காட்டப்பட்ட கமரா புத்தம் புதிதுபோல மினுங்கியது. எண்ணிக்கை 1,80,000ஐத் தாண்டியிருந்தது. இரண்டாவது, மூலைகள் தேய்ந்து, றப்பர் கிளம்பி, பார்க்கவே பாவமாக இருந்தது, எண்ணிக்கை 34,000. அதைத்தான் 95,000 ரூபாவுக்கு வாங்கினேன். இன்று 61,000இல் நிற்கிறது.

பழைய லென்ஸைப் பூட்டியதும் மெனுவுக்குள் போய் அது 50 மி.மீ., எஃப்/1.8 என்று ஒரு முறை பதிந்து வைக்க வேண்டும். அதன்பின் ஒளிமானி ஒழுங்காக வேலை செய்யும். மற்ற முறைகள் எதுவும் ஓடாது; ஏ (ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும்), எம் (எல்லாம் நாமே) இரண்டு மட்டும். சென்சர் பிலிமை விடச் சிறியது என்பதால் 50 மி.மீ. இதில் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க நல்லது, வீட்டுக்குள் ஆட்களைக் கூட்டி எடுக்க முதுகு சுவரில் முட்டும்.

ஃபோக்கஸ்தான் என்னை அழவைத்தது. எஃப்எம்2வின் வியூஃபைண்டர் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். அதில் ஆளின் மூக்கு இரண்டாகப் பிளந்து நிற்கும், வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒட்டிக்கொள்ளும். டி7200இல் அது இல்லை. கீழ் மூலையில் இரண்டு அம்புக்குறிகளும் ஒரு புள்ளியும் வரும். புள்ளி எரிந்தால் சரி. கண் முகத்தில் இருக்குமா, மூலையில் இருக்குமா? முதல் ஆண்டு வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்பாக முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிப்பதை எடுக்கப் போனேன். எஃப்/1.8, 1/60, ஐஎஸ்ஓ 3200. நாற்பது படத்தில் ஆறுதான் தேறியது. மற்றவற்றில் விளக்கை ஏந்தியவரின் காது பளிச்சென்று இருந்தது, கண் மங்கியிருந்தது. ஆனாலும் அந்த ஆறும் பிலிம் காலத்தில் நான் கனவிலும் எடுத்திருக்க முடியாத படங்கள். திரியின் சுடரும் கெடவில்லை, பின்னால் நின்றவர்களின் முகமும் இருளில் போகவில்லை. மூன்றாம் ஆண்டில் கை பழகிவிட்டது. இப்போது பாதிக்குமேல் தேறுகிறது.

ஓட்டோஃபோக்கஸ் வேண்டுவோருக்கு: இந்தக் கமராவுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் ‘டி’ வகைப் பழைய மலிவு லென்ஸ்களும் தானாக ஃபோக்கஸ் செய்யும். விலை குறைந்த டி3500, டி5600 இரண்டிலும் அந்த மோட்டார் இல்லை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

புழுதியைப் பற்றி எழுதாவிட்டால் இது வன்னி அனுபவம் ஆகாது. சூடடிப்புக் காலத்தில் கிரவல் வீதியில் ஓர் உழவு இயந்திரம் போனால் ஐந்து நிமிடத்துக்கு லென்ஸ் மாற்றக் கூடாது. நான் மாற்றினேன். அன்று இரணைமடுக் குளத்தில் எஃப்/16 வைத்து எடுத்த வானம் முழுவதும் எள் தூவியதுபோல் புள்ளிகள். கைப்பம்பால் ஊதியே பெரும்பாலானவை போய்விட்டன; துணியால் துடைக்க மட்டும் போகாதீர்கள். மாரியில் இதற்கு நேர் எதிரான வேதனை, ஈரம். ஐப்பசி தொடங்கியதும் கமராவும் லென்ஸும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா மணிகளோடு போய்விடும். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் சட்டியில் மெல்லச் சூடாக்கித் திரும்பப் போடுவேன். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொன்னார் மாமியார். அரிசியில் மாத்தூள் இருக்கிறது, மாமி.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது பற்றரிக் கணக்கின் பெறுமதி தெரிந்தது. கைத்தொலைபேசிக்கு அயலில் சூரிய மின்தட்டு உள்ள வீட்டில் வரிசையில் நின்றோம். கமராவுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது.

குறைகளும் உண்டு. பற்றரியோடு 765 கிராம். லென்ஸும் சேர்ந்து கழுத்தில் தொங்கினால் மாலையில் கழுத்து கேள்வி கேட்கும். திரை அசையாது, வாய்க்கால் ஓரத்தில் கொக்கை எடுக்கச் சேற்றில் படுக்க வேண்டும். வீடியோவுக்கு இதை வாங்காதீர்கள். படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். என் மகளின் கைத்தொலைபேசி இரவில் என்னை விடப் பளிச்சென்று எடுக்கிறது. அதை ஒப்புக்கொள்ள இரண்டு ஆண்டு எடுத்தது.

இரண்டாவது கார்டைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும்படி வைத்திருக்கிறேன். வாங்கிய முதல் ஆண்டு விசுவமடுவில் ஓர் அக்கா என்னை மறித்து, “தம்பி, 1998 விளையாட்டுப் போட்டியில் என் பெடியன் ஓடினதை எடுத்தீர்கள் அல்லவா, அதில் ஒன்றும் மிஞ்சவில்லையோ?” என்று கேட்டார். நெகட்டிவ் எல்லாம் கமரா இருந்த அதே அலுமாரிக்குள்தான் இருந்தன. இல்லை என்றேன். அவர் சிறிது நேரம் நின்றுவிட்டு, என் கையிலிருந்த கமராவைப் பார்த்து, தன்னையும் பேத்தியையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். பழைய லென்ஸில் எஃப்/4, வேப்பமர நிழல். இரண்டு பிரதி அச்சடித்தேன். ஒன்று அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மற்றதை ‘வேறு ஊரில் இருக்கட்டும்’ என்று சொல்லி வவுனியாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டார்.