ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு: எங்கள் வார்டு அங்கன்வாடி பற்றி ஒரு மதிப்பீடு

தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் போய்விட்டது. இன்று ஜூலை 31-ஆம் நாளுக்குள் 5 வயது நிறைந்திருந்தால் அரசுப் பள்ளியில் இடம் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் குழந்தையை எங்கே விடுவது என்பதில்தான் பெற்றோர் பணத்தையும் தூக்கத்தையும் இழக்கிறார்கள். எங்கள் மகளை அந்த ஓராண்டு வார்டிலேயே உள்ள அங்கன்வாடி மையத்துக்கு அனுப்பினோம். இன்னமும் பலர் பால்வாடி என்றே அழைக்கும் இந்த மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்குபவை. 1975-இல் தொடங்கிய அத்திட்டத்தைச் சத்துமாவும் எடை பார்ப்பதும் மட்டுமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு மையங்களின் முன்பருவக் கல்விக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அதில் பாட்டு, கதை, கைவேலை, வெளி விளையாட்டு எல்லாம் உண்டு. இருந்தாலும் எங்கள் மகள் அங்கே கற்றவற்றில் பெரும்பகுதி எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முட்டை கொடுக்கும் நாள்களில் ஆயாம்மா உரித்துத் தரமாட்டார். அவித்த முட்டையைத் தட்டில் வைத்து, "நீங்களே உரிங்க, ஓட்டை அந்தக் கிண்ணத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். தட்டின் விளிம்பில் தட்டி, விரிசலில் கட்டைவிரல் நகத்தை நுழைத்து, உள்தோலோடு சேர்த்து ஓட்டை எடுக்கப் பழகுவதற்குள் வெள்ளைக்கருவில் பாதி ஓட்டோடு போய்விடும். சில மாதங்களில் முட்டை முழுசாக வந்தது. அதே விரல்கள்தான் புளியங்கொட்டைகளைப் பொறுக்கி அடுக்கின, மணி கோத்தன, களிமண்ணை உருட்டின. பென்சிலை மூன்று விரல்களில் பிடிப்பதற்கு வேண்டிய பலம் இவற்றிலிருந்துதான் வருகிறது. மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகி முடியாத வயதில் நான்கு கோட்டு நோட்டைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதால் கை வலிப்பதைத் தவிர வேறு பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கோடை விடுமுறையில் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் சிறப்பு வகுப்பு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடந்த ஒரு தனியார் வகுப்பையும் போய்ப் பார்த்தோம். குளிர்சாதன அறை, சுவரெங்கும் படங்கள், வாசலில் வரவேற்பாளர் என எல்லாம் நேர்த்தியாக இருந்தன. உள்ளே நான்கு வயதுப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிறுநீர் கழிக்க எழுந்த ஒரு சிறுவனை, எழுதி முடித்துவிட்டுப் போகும்படி உட்கார வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துகளை முதலிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். 2022-23 கல்வியாண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்க வைப்பது. ஆகவே அகர வரிசை தெரியாமல் போகும் பிள்ளைக்குக் குறை ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று டீச்சரிடம் வாய்திறந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்குத்தான் ஜூன் மாதம் கடினமாக இருக்கும்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். ஊட்டிவிட்டால்தான் வாய் திறப்பவளாக இருந்தவள், மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து கலவை சாதத்தைத் தானே சாப்பிட்டு, தட்டைக் கொண்டுபோய்ப் போடப் பழகியிருந்தாள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் ஒன்றாம் வகுப்பில் இப்போது பள்ளியிலேயே இரண்டு வேளை. எனவே இந்தப் பழக்கத்தின் அருமை பள்ளியின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. எங்கள் மையத்தின் கழிப்பறை பெரியவர்களின் அளவில் கட்டப்பட்டது. பிள்ளைகள் உட்கார அஞ்சுகிறார்கள். பாடம் நடத்தும் அதே பணியாளர்தான் எடை பார்க்கவும், பதிவேடு எழுதவும், அதையே மறுபடி கைப்பேசிச் செயலியில் ஏற்றவும் வேண்டியிருக்கிறது. தடுப்பூசி நாளில் கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இத்தனை வேலைகளை ஒருவர் தலையில் கட்டியவர்களைத்தான் சொல்லவேண்டும். இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்தை நெருங்கும் குழந்தையும் ஒரே அறையில் இருப்பதால், மதியம் பெரிய பிள்ளைகளையும் பாயில் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் மதியத் தூக்கம் இல்லை என்பதால் ஏப்ரல் மாதத்திலிருந்து நாங்களே மகளை மதியம் வீட்டுக்கு அழைத்துவந்து, இரவில் எட்டரைக்கெல்லாம் தூங்கப் பழக்கினோம். பிறரும் இதை முன்கூட்டியே செய்வது நல்லது. ஆங்கிலம் பெயரளவுக்குத்தான், அது ஒரு குறை என்று கருதுபவர்கள், 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கப்பட்ட எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தங்கள் பகுதியில் நடக்கின்றனவா என்று விசாரிக்கலாம்.

மையத்துக்கு மையம் தரம் மாறும். சேர்ப்பதற்கு முன், அறிவிக்காமல் ஒரு சாதாரண நாளில் பதினொரு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் யோசியுங்கள். தரையெல்லாம் புளியங்கொட்டை சிதறிக் கிடந்து, அறை கொஞ்சம் இரைச்சலாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்.