பாளையங்கோட்டை மூச்சுப் பயிற்சி வகுப்பு: அழுத்தமானியோடு பத்து நாள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் மாலை வேளையில் நடைபெறும் பத்து நாள் மூச்சுப் பயிற்சி வகுப்பில் 1,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். "மனத்தால் உடலை ஆளலாம்" என்றது அவர்களுடைய துண்டறிக்கை. இரத்த அழுத்தத்துக்கு நான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் எனக்கு அந்த வரி எவ்வளவு தூரம் மெய் என்று பார்க்கும் ஆசை எழுந்ததால், வீட்டு அழுத்தமானியையும் நாள்தோறும் பையில் எடுத்துச் சென்றேன்.

ஐந்து விநாடி உள்ளே, ஐந்து விநாடி வெளியே என நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடுவதுதான் பயிற்சியின் அடிப்படை. முதல் மூன்று நாளும் எனக்கு நெஞ்சடைப்புதான் மிஞ்சியது. "மூச்ச நீங்க தள்ளாதீங்க அண்ணாச்சி, அதுவா போவட்டும்" என்று பயிற்றுநர் அருகில் வந்து சொன்ன பிறகே பிடி கிடைத்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக அது தணிவதும் எல்லோருக்கும் இயல்பாக நடப்பவை; தானாகவும் நடந்து, நம் சொல்லுக்கும் கட்டுப்படும் செயல் மூச்சு என்பதால், இதயத்துக்குப் போக அது ஒரு பக்கவாசலாகிறது. ஆறாம் நாள் கால் மணி நேரப் பயிற்சிக்குப் பின் என் நாடித்துடிப்பு 84இலிருந்து 73ஆகவும், மேல் அழுத்தம் 146இலிருந்து 138ஆகவும் இறங்கின. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்றுநர் விளக்கியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அல்வா கணக்கு. எச்சிலே ஊறு என்று ஆணையிட்டால் ஊறாது. மாலையில் நெல்லையப்பர் கோயில் எதிரே வாழையிலையில் சுடச்சுட வாங்கிய அல்வாவை நினைத்தால், நாம் கேளாமலே ஊறும். மனம் உடலுக்குக் கட்டளையிடுவதில்லை, காட்சியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது என்றார். 1982இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் ஆராய்ந்த திபெத்தியத் துறவிகள், தியானத்தால் கைகால் விரல்களின் வெப்பத்தை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தியதையும் சரியாகவே எடுத்துரைத்தார்.

எட்டாம் நாள்தான் சறுக்கல். யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டவர்களை இந்தியாவில் சோதித்த வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர், மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து நாடி மறைகிறதே தவிர, இதய மின்பதிவில் (ஈசிஜி) துடிப்பு ஓடிக்கொண்டேயிருக்கிறது என்று 1961இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதைவிட எனக்குக் கோபம் வந்தது, சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் ஓர் அம்மாவிடம் "மனசு வச்சா ஊசியக் குறைக்கலாம்" என்று அவர் சொன்னபோதுதான். இன்சுலின் சுரக்காத கணையத்துக்கு எந்த அல்வா நினைவும் உதவாது. வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

கூடம் துப்புரவாக இருக்கிறது. கொசு மட்டும் உண்டு. மூச்சைக் கற்க விரும்புவோர் தாராளமாகச் சேரலாம். நானும் மாத்திரையை நிறுத்தாமலே பயிற்சியைத் தொடர்கிறேன். அழுத்தமானி கொண்டுபோகிறவர்கள் மாடிப்படி ஏறியதும் அளந்துவிடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொள்ளுங்கள்; முதல் நாள் எனக்கு 162 காட்டிக் கலங்கடித்தது அந்தப் படிக்கட்டுதான்.