பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறி ஐந்து வருடம்: என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிசில் கிராணி வேலை எனக்கு. காலையில் பசியாற ரொட்டி சானாய், பருப்புக் கறி, கூடவே டின்பால் ஊற்றி இழுத்து ஆற்றிய ஒரு தே தாரேக். இருபது வருடம் இப்படித்தான் ஓடியது. 2020-இல் படியேறினாலே மூச்சு வாங்கியது. முதலில் போன கிளினிக்கில் ஒன்றும் விசாரிக்காமல் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேறொரு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அங்கிருந்த மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார்: “சாப்பாட்டோட தேத்தண்ணி குடிப்பீங்களாக்கா?”

பருப்பு, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீரும் உள்ளே போனால் அதன் துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேநீரை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னார். இரும்பு மாத்திரையும் எடுத்தேன். எட்டு மாதத்தில் 12.1. மாத்திரையின் வேலை எவ்வளவு, நேரம் மாற்றியதன் வேலை எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் எண் இறங்கவில்லை.

டின்பாலை விட்டது அதற்கப்புறம். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான், அதன் மேல் கடைக்காரர் தனியாக வேறு போடுவார். முதல் இரண்டு வாரம் கோசோங் கஷாயம் மாதிரி இருந்தது. காரணம் தேயிலை இல்லை, நான்தான். பாட்டி மாதிரி தூளைத் தண்ணீரோடு போட்டுக் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தேன். பால் ஊற்றினால் அந்தக் கசப்பு தெரியாது, வெறும் சாயத்தில் நாக்கைப் பிடிக்கும்.

இப்போது கேமரன் மலை ‘போ’ (BOH) தேயிலைதான். 1929-இல் தொடங்கிய தோட்டம், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை போட்டு மூடி வைக்கிறேன். இலைக்கு நான்கு நிமிடம், தூளாக இருந்தால் இரண்டே போதும். எலுமிச்சை பிழிந்தால் கருஞ்சிவப்பு கண்ணெதிரே வெளுத்துத் தேன் நிறமாகும். பச்சைத் தேயிலையும் வாங்கிப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றிக் கெடுத்தேன். அதற்கு 80 டிகிரி போதும்.

ஒரு விஷயத்தில் தே தாரேக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. கை உயர இழுத்து ஆற்றிக் கொடுக்கும் ஒட்டுக்கடை அண்ணனுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நானும் இரண்டு மங்கு வைத்து ஆற்றித்தான் குடிக்கிறேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் தொடுவதில்லை, குடித்தால் பன்னிரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பேன்.

அம்மாவை மாற்ற முடியவில்லை. எழுபத்தெட்டு வயது. டின்பாலை ஒரு கரண்டி குறைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாளே, “என்னா, கடையில பால் விலை ஏறிடுச்சா?” என்று கேட்டார்.