மட்டக்களப்பிலிருந்து அடிக்கடி பறப்பவருக்கு எந்த மைல்ஸ் திட்டம்?

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. சென்னை, கோலாலம்பூர், டோஹா என்று வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை கம்பனி அனுப்பும். வீடு கல்லடியில். விடியப்புற விமானம் என்றால் முதல் நாள் மாலையே வான் வண்டியில் ஏறிவிட வேண்டும். வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவோடு இரவாக ஓடி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது முதுகு விறைத்துப் போயிருக்கும். அதற்குப் பிறகு சென்னைக்குப் பறப்பது ஒன்றரை மணித்தியாலம்தான்!

அதனால் இலவச டிக்கெட்டுக்காக மைல்ஸ், அதாவது பறக்கும்போது கணக்கில் ஏறும் புள்ளிகள், சேர்ப்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வான் வண்டியிலிருந்து இறங்கிய உடம்போடு முகம் கழுவி, சட்டை மாற்றி, சூடாக ஒரு தேநீர் குடிக்க ஓர் இடம் வேண்டும். கருவிப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் நிறை வேண்டும். இரண்டையும் தருவது மைல்ஸ் தொகை அல்ல, அடிக்கடி பறந்தால் உயரும் உறுப்பினர் அட்டையின் தரம்.

நான் எடுத்தது ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டம். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. கட்டார் ஏர்வேஸும் மலேசியா ஏர்லைன்ஸும் அதே கூட்டணிதான். டிக்கெட் போடுவது கம்பனி. எது மலிவோ அதைத்தான் போடும். டோஹாவுக்குக் கட்டாரில் போனாலும் கோலாலம்பூருக்கு மலேசியாவில் போனாலும் எல்லாம் ஒரே கணக்கில் விழுகிறது. நீலம், கிளாசிக், கோல்ட், பிளாட்டினம் என்று நான்கு படி. கிளாசிக்கில் செக்-இன் வரிசை சுருங்கும், ஆனால் விமான நிலையத்து ஓய்வறையான லவுஞ் கிடையாது. கோல்ட் வந்தால் அது கூட்டணி முழுதும் செல்லும் ஒன்வேர்ல்ட் சஃபையர் தரத்துக்குச் சமம்: எக்கனமி இருக்கையில் போனாலும் பிஸ்னஸ் லவுஞ்சுக்குள் போகலாம், பொதி அனுமதியும் கூடும். கோல்ட் கையில் வந்த பிறகு முதல் தடவை லவுஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபோது வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

எமிரேட்ஸின் ஸ்கைவேர்ட்ஸ் நல்ல திட்டம். ஃப்ளைதுபாயும் அதற்குள் வருகிறது. ஆனால் எமிரேட்ஸ் மூன்று பெரிய கூட்டணிகளில் எதிலும் இல்லை, என் பாதைகளுக்கு அது பொருந்தவில்லை. சிங்கப்பூர் வழியாக அவுஸ்திரேலியா போய் வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் சரி. அது ஸ்டார் அலையன்ஸ் என்ற வேறு கூட்டணி.

எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் பெயரில் கவனம் வையுங்கள். நம் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் வரும். எந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவது என்று டிக்கெட் போடுகிறவருக்கே குழப்பம். ஒரு தடவை மைல்ஸ் கணக்கில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் வேறு மாதிரி விழுந்து, போய் வந்த பயணம் முழுதும் கணக்கில் ஏறவே இல்லை. விமான நிறுவனத்துக்கு எழுதினேன். போர்டிங் பாஸ் கேட்டார்கள். பணப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மங்கி, வெறும் சாம்பல் நிறத் துண்டு. அந்த மைல்ஸ் போனது போனதுதான். மிகவும் கவலையாக இருந்தது. இப்போது விமானத்தில் ஏறும் முன்பே போர்டிங் பாஸைப் படம் எடுத்துவிடுகிறேன். கணக்கில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், எழுத்துக்கு எழுத்து.

அப்புறம், டிக்கெட்டில் கட்டண வகுப்பைக் குறிக்கும் ஒற்றை எழுத்தையும் பாருங்கள். மிக மலிவான டிக்கெட்டுக்கு மைல்ஸ் குறைவாகவே ஏறும், சிலவற்றுக்கு ஏறவே ஏறாது. டிக்கெட் போட முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால், சில நேரம் அதே விலைக்கு வேறு வகுப்பு கிடைக்கும்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், “அண்ணன், நானும் ஃப்ளைஸ்மைல்ஸ் எடுக்கட்டா?” என்று கேட்டார். அவருக்கு வேலை முழுக்கத் துபாயில். “நீங்க ஸ்கைவேர்ட்ஸ் எடுங்க தம்பி” என்று சொல்லி, அன்றைக்கே இருவருமாக இருந்து பதிந்துவிட்டோம். பெயரை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தோம்.